ஒரே நேரத்தில் நான்கு விளக்கு எரிந்தால்: காருக்குள் ஈசியூக்கள் பேசிக்கொள்ளும் விதம்

கேள்வி இதுதான். ஐந்தாறு வருடம் ஓடிய கார். போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. கூடவே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஹேண்ட்பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின் என்று நான்கு விளக்குகள் எரிகின்றன. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஒரு மெக்கானிக் ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மீட்டர் போய்விட்டது என்கிறார். மூன்றாமவர் "கேன் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேன் என்றால் என்ன, காருக்குள் இருக்கும் ஈசியூக்கள் (ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தும் சின்னக் கணினிகள்) எப்படிப் பேசிக்கொள்கின்றன, யார் சொல்வதை நம்புவது?

மூன்றாமவர் காட்டிய திசைதான் சரி. ஏபிஎஸ் யூனிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நான்கு விளக்கு எரிந்தால் நான்கு பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு ஒயரோ, ஒரு கனெக்டரோ, ஒரு எர்த்தோதான் காரணமாக இருக்கும். அது ஏன் என்று புரிய, இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

சக்கரத்தின் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சென்சரின் ஒயர் நேராக ஏபிஎஸ் யூனிட்டுக்குத்தான் போகிறது. ஆனால் அந்த வேகம் யாருக்கெல்லாம் வேண்டும் என்று பாருங்கள். முள்ளை நகர்த்த மீட்டருக்கு வேண்டும். மெதுவாகப் போகும்போது லேசாகவும் வேகத்தில் கெட்டியாகவும் இருக்க எலக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு வேண்டும். இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியருக்கும் வேண்டும். வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் கதவைத் தானாகப் பூட்டும் யூனிட்டுக்கும் வேண்டும். சில கார்களில் வேகத்துக்கு ஏற்ப பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஸ்டீரியோவுக்கும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் என்ன ஆகும்? அதுவும் இது ஒரே ஒரு தகவல்தான். இன்ஜின் சுழற்சி, தண்ணீர் சூடு, பிரேக் பெடல், ஸ்டீயரிங் கோணம் என்று இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1980களில் விலை உயர்ந்த கார்களின் ஒயர் கட்டு கனத்திலும் விலையிலும் வளர்ந்துகொண்டே போனது. ஒயரும் கனெக்டரும் கூடக் கூட, கெடக்கூடிய இடங்களும் கூடின.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் இதற்கு ஒரு வழி தேடி 1983-இல் வேலையைத் தொடங்கியது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டில் கேன் (கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்) என்ற முறையை வெளியிட்டார்கள். அடுத்த வருடமே இன்டெல் அதற்கான சிப்பைக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் அது ஓடத் தொடங்கியது. 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமானது. இத்தனை வருடம் கழித்தும் உங்கள் கார், பக்கத்து வீட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர், நெடுஞ்சாலையில் போகும் லாரி என்று எல்லாவற்றிலும் அடிப்படையில் அதே முறைதான். என் தொழிலில் நான் பார்த்தவற்றில் இவ்வளவு நன்றாக யோசித்துச் செய்த இன்னொரு பொருள் இல்லை.

சரி, எப்படி வேலை செய்கிறது? பழைய டவுன் பஸ்களில் கூரையை ஒட்டி முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கயிறு போகும், நினைவிருக்கிறதா? கண்டக்டர் எங்கே நின்று இழுத்தாலும் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒருவர் இழுத்தாலும் மணி, பத்துப் பேர் இழுத்தாலும் அதே மணி. யாருமே இழுக்காவிட்டால்தான் அமைதி. கேன் பஸ் அப்படிப்பட்ட கயிறு (எல்லோருக்கும் பொதுவான ஒயருக்கு எங்கள் தொழிலில் பஸ் என்று பெயர்). கார் முழுக்க இரண்டு ஒயர் போகிறது, எல்லா ஈசியூக்களும் அந்த இரண்டிலும் தொற்றிக்கொண்டிருக்கின்றன. இழுத்தால் 0, விட்டால் 1. இப்படி ஒவ்வொரு 0-வும் 1-உம் ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். யாராவது ஒருவர் 0 போட்டால் கயிறு முழுக்க 0-தான்.

அந்த இரண்டு ஒயருக்கும் கேன் ஹை, கேன் லோ என்று பெயர். யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். ஒரு ஈசியூ கயிற்றை இழுக்கும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்பவர்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பார்கள். 2 வோல்ட் வித்தியாசம் என்றால் 0, வித்தியாசமே இல்லை என்றால் 1. இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது. இன்ஜின் அறையில் இக்னிஷன் காயிலும் ஆல்டர்னேட்டரும் கிளப்பும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒயர்கள் முறுக்கியிருந்தால் அந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும். 3.5 என்பது 4.5 ஆகும், 1.5 என்பது 2.5 ஆகும். வித்தியாசம் அதே 2 வோல்ட், செய்தி கெடாது. ஒயரின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். முனையில் போய் மோதும் சிக்னல் எதிரொலி போலத் திரும்பி வந்து குழப்பாமல் இருக்க அது. இந்த 120 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கயிறு ஒன்று, இழுப்பவர்கள் பலர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால்? கேனின் உயிர்நாடி இந்த இடம்தான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு செய்தியும் ஒரு எண்ணோடு தொடங்கும். கார்களில் பெரும்பாலும் 11 பிட் எண், லாரிகளில் 29 பிட். எண் சிறியதாக இருந்தால் செய்தி அவசரமானது. எளிமைக்காக நான்கு பிட் எண் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் செய்தியின் எண் 0011, ஏசி செய்தியின் எண் 0101. இரண்டும் ஒரே நொடியில் கிளம்புகின்றன. முதல் பிட் இரண்டுக்கும் 0. இருவரும் இழுக்கிறார்கள், யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது பிட்டில் பிரேக் 0 போடுகிறது, அதாவது இழுக்கிறது. ஏசி 1 போடுகிறது, அதாவது விடுகிறது. அனுப்பும் ஒவ்வொருவரும் அனுப்பிக்கொண்டே கயிற்றையும் கவனிக்க வேண்டும் என்பது விதி. தான் விட்ட பிறகும் கயிறு இழுபட்டே இருப்பதை ஏசி பார்க்கிறது. தன்னைவிட அவசரக்காரர் ஒருவர் பேசுகிறார் என்று புரிந்து, அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுகிறது. தன்னோடு இன்னொருவர் போட்டியிட்டார் என்பதே பிரேக்குக்குத் தெரியாது. அதன் செய்தியில் ஒரு பிட்கூடக் கெடவில்லை, நேரமும் வீணாகவில்லை. அது முடிந்ததும் ஏசி மறுபடி முயலும். வரிசையை ஒழுங்குபடுத்த நடுவில் ஒரு தலைவன் தேவைப்படவே இல்லை.

ஒரு செய்தியில் அதிகபட்சம் 8 பைட் தகவல்தான் போகும். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் இன்ஜினும் பிரேக்கும் இருக்கும் பஸ் பொதுவாக நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. ஒரு முழுச் செய்தி போய்ச் சேர கால் மில்லி விநாடி போதும். வேகம், அழுத்தம், கோணம் எல்லாம் ஒன்றிரண்டு பைட்டில் அடங்கிவிடும் விஷயங்கள். சின்னச் செய்தியாக அடிக்கடி அனுப்புவதே இங்கே நல்லது. யாரும் நீளமாகப் பேசிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவைக்க முடியாது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தச் செய்தியில் அனுப்புநர் முகவரியும் இல்லை, பெறுநர் முகவரியும் இல்லை. "இது சக்கர வேகம்" என்று மட்டும்தான் இருக்கும். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அதனால்தான் டாப் மாடலில் ஒரு ஈசியூவைக் கூடுதலாகச் சேர்த்தால் மற்றவற்றுக்கு அது தெரியவே வேண்டியதில்லை. இதே குணம் இன்னொரு பக்கம் ஆபத்தும்கூட. சொன்னது யார் என்று கேன் கேட்பதே இல்லை. கயிற்றைத் தொட்டவன் சொல்வதெல்லாம் உண்மை. 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், இணையத்தோடு இணைந்திருந்த ஸ்டீரியோ வழியாக ஒரு ஜீப் செரோகியின் உள்ளே புகுந்து, எங்கோ தூரத்தில் உட்கார்ந்தபடி, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியின் வேகத்தைப் பறித்துக் காட்டினார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. இப்போதைய கார்களில் ஸ்டீரியோ, இன்ஜின், கதவு என்று பஸ்களைப் பிரித்து, நடுவில் கேட்வே என்ற ஒரு காவல்காரனை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் காருக்கு நெருக்கமான பகுதி: தவறு நடந்தால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அதை அடுத்து அனுப்புபவர் ஒரு பிட் நேரம் கயிற்றை விட்டுவிட்டுக் காத்திருப்பார். சரியாகக் கேட்டவர்கள் அந்த இடத்தில் இழுத்து "கேட்டது" என்று காட்ட வேண்டும். ஒருவருக்குத் தவறாகக் கேட்டிருந்தாலும் அவர் உடனே தொடர்ந்து கயிற்றை இழுத்து அந்தச் செய்தியையே உடைத்துவிடுவார். பிறகு அது மறுபடி அனுப்பப்படும்.

அப்படியென்றால் ஒரு ஈசியூவே கெட்டுப்போய்த் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டே இருந்தால்? எல்லோருடைய பேச்சும் நின்றுவிடாதா? அதற்காக ஒவ்வொரு ஈசியூவும் தன் தவறுகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. அனுப்புவதில் ஒரு தவறு நடந்தால் 8 கூடும். ஒழுங்காக ஒன்று அனுப்பினால் 1 குறையும். எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் மற்றவர்களின் செய்தியை உடைக்கும் உரிமை போய்விடும். 255-ஐத் தாண்டினால் தானாகவே பஸ்ஸிலிருந்து விலகிக்கொள்ளும். தொடர்ந்து 32 முறை தவறினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் விலகிவிடும். மற்ற எல்லோரும் பேச வேண்டும் என்பதற்காகத் தன்னைத் தானே வாயடைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை 1980களில் யோசித்திருக்கிறார்களே என்று இன்றும் வியந்துபோகிறேன்.

உங்கள் கதையை இதோடு பொருத்திப் பாருங்கள். ஏபிஎஸ் யூனிட் சக்கர வேகத்தை சில பத்து மில்லி விநாடிக்கு ஒரு முறை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மீட்டர், ஸ்டீயரிங், இன்ஜின் மூன்றும் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கின்றன. ஏதோ ஒரு குலுக்கலில் ஒயர் ஒரு நொடி விட்டுப்போகிறது. செய்தி வரவில்லை. மீட்டர் முள்ளைக் கீழே போடுகிறது. ஸ்டீயரிங் தன் விளக்கைப் போட்டுப் பத்திரமான ஒரு நிலைக்குப் போகிறது. இன்ஜின் ஒரு கோடை, அதாவது கோளாறுக்கான குறியீட்டு எண்ணை, பதிவு செய்கிறது. தவறு ஒன்று, புகார் சொல்பவர்கள் மூன்று நான்கு பேர். சாவியை அணைத்துப் போட்டால் எல்லா எண்ணிக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதற்குள் ஒயரும் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியான மாதிரித் தெரியும்.

ஆகவே முதலில் ஸ்கேனர் (ஈசியூக்களில் பதிவான கோடுகளைப் படிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். ஆனால் இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு முடிக்கக் கூடாது, எல்லா ஈசியூக்களையும் படிக்க வேண்டும். யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள்தான் பேச்சு வார்த்தை சம்பந்தப்பட்டவை. யு 0100 என்றால் இன்ஜின் ஈசியூவின் பேச்சைக் காணோம். யு 0121 என்றால் ஏபிஎஸ்ஸின் பேச்சைக் காணோம். முக்கியமாக, இந்தக் கோடு எந்த ஈசியூவுக்குள் பதிவாகியிருக்கிறதோ அது புகார் கொடுத்தவர், குற்றவாளி வேறு. இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல பொருளைக் கழற்றி எறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஜின், ஸ்டீயரிங், மீட்டர் மூன்றிலும் யு 0121 இருந்து, வேறு எதுவும் இல்லையென்றால் ஏபிஎஸ் யூனிட்டின் பக்கம் போங்கள். அப்போதும் யூனிட்டை மாற்றாதீர்கள். அதன் ஃபியூஸ், எர்த், கனெக்டர், கேன் ஒயர் நான்கையும் பார்த்த பிறகு கடைசியில்தான் யூனிட். எல்லோரும் எல்லோரையும் பற்றிப் புகார் சொன்னால் பொது ஒயரிலேயே கோளாறு.

ஸ்கேனர் போடும் அந்த 16 பின் கனெக்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். ஸ்கேனரும் அங்கே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு ஈசியூதான். 2015 என்ற எண்ணில் "இன்ஜின் சுழற்சி என்ன?" என்று கேட்கும். இன்ஜின் 2024 என்ற எண்ணில் பதில் சொல்லும். பதிலில் வரும் இரண்டு பைட் 26, 248 என்றால், 26-ஐ 256-ஆல் பெருக்கி 248-ஐக் கூட்டி 4-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1726 சுற்று. இந்தக் கேள்வி பதில் எந்த நிறுவனத்தின் காருக்கும் பொதுவானது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் இதைக் கேன் வழியாகவே தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

அதே கனெக்டரில் 6-ஆவது பின் கேன் ஹை, 14-ஆவது பின் கேன் லோ. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். இரண்டு 120 ஓம் இணையாக இருப்பதால் 60 வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை பஸ்ஸிலிருந்து அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஹையும் லோவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 60 வந்துவிட்டதே என்று உடனே எழுந்துவிடாதீர்கள். மல்டிமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவரை ஒயர் கட்டை ஆங்காங்கே அசைக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு அப்போதுதான் மாட்டும். ஆனால் கேட்வே உள்ள சில புதிய கார்களில் இந்தக் கனெக்டரில் தெரிவது கேட்வே வரை போகும் சிறு ஒயர் மட்டும்தான். உள்ளே இருக்கும் பஸ்ஸை கேட்வேயில்தான் அளக்க வேண்டும்.

அடுத்து பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு வோல்ட் பாருங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஹை 2.5-க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே காட்டும். இரண்டையும் கூட்டினால் சுமார் 5 வர வேண்டும். லோ பூஜ்யமாகவே நின்றால் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஹை 12 வோல்ட் என்றால் பேட்டரி ஒயர் தொட்டிருக்கிறது. பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை இந்த ஒயர்களில் தயவுசெய்து வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட் ஈசியூவைக் கெடுத்துவிடலாம். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரையும் தொட வேண்டாம்.

கோளாறு எங்கே இருக்கும்? அனுபவத்தில் எலி முதலிடம். அடுத்தது மழைத் தண்ணீர் நின்ற இடத்தில் ஓட்டியதால் பச்சை பூத்த கனெக்டர். அப்புறம் வெளியே மாட்டிய சாமான்கள். என்னிடம் வந்த ஒரு காரில் உங்கள் காருக்கு இருக்கும் அதே அறிகுறிகள்தான். ஏபிஎஸ் யூனிட்டை ஏற்கனவே ஒரு முறை மாற்றியிருந்தார்கள், பலனில்லை. ஓம் பார்த்தால் அழகாக 60. ஸ்டீரியோவின் பின்னால் இருந்த கட்டை அசைத்ததும் எண் கீழே பாய்ந்தது. ஸ்டீரியோ மாட்டிய கடையில், ஸ்டீயரிங் பட்டனுக்காகக் கேன் ஒயரைச் சீவி, கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப் இளகி, இரண்டு செம்பும் குலுக்கலில் உரசிக்கொண்டிருந்தன. வெட்டிச் சேர்த்து, தனித்தனியாக உறை போட்டு, முறுக்கைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேர வேலை. அந்தக் குடும்பம் யூனிட்டுக்காகக் கொடுத்த பணத்தை நினைத்து எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கேன் மட்டும்தானா என்றால், இல்லை. கதவுக் கண்ணாடி, மழை சென்சர் போன்ற சில்லறை வேலைகளுக்கு லின் என்ற ஒற்றை ஒயர் பஸ் இருக்கிறது. நொடிக்கு அதிகபட்சம் 20 கிலோபிட். அதில் ஒரு தலைவன் கேட்டால்தான் மற்றவர்கள் பதில் சொல்வார்கள், விலை குறைவு. கேமரா, ரேடார் வந்த பிறகு 8 பைட் எந்த மூலைக்கு? 2012-இல் போஷ் கேன் எஃப்டி-யைக் கொண்டுவந்தது, ஒரு செய்தியில் 64 பைட் வரை போகும். கேமராவுக்கு அதுவும் போதாமல், ஒரே ஜோடி ஒயரில் நொடிக்கு 100 மெகாபிட்டும் அதற்கு மேலும் ஓடும் ஈதர்நெட் வந்துவிட்டது. லாரிகளிலும் பஸ்களிலும் ஜே 1939 என்ற முறை, அதுவும் கேன்தான், பெரும்பாலும் 250 கிலோபிட். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த லாரிகளில் புகைக்குழாயில் இருக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை அளக்கும்) சென்சர்கூடத் தனக்கென்று ஒரு சின்ன ஈசியூவோடு கேனில்தான் பேசுகிறது. லாரி வைத்திருப்பவர்கள் அந்தச் சென்சரை மாற்றும் முன் அதன் ஒயரையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் காரில் எல்லா ஈசியூக்களையும் படித்த யு கோடுகளின் பட்டியலையும், அசைத்துப் பார்த்தபோது வந்த ஓம் அளவையும் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். எந்தக் கோடு எந்த ஈசியூவில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டும் இருந்தால் எந்தப் பக்கத்து ஒயரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை ஏபிஎஸ் யூனிட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீயரிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நெடுஞ்சாலைக்கும் போகாதீர்கள்.